மெக்கானிக்கல் படித்தவருக்குக் கட்டடத்தில் என்ன வேலை?

சிவில் என்றால் கட்டடம், மெக்கானிக்கல் என்றால் தொழிற்சாலை. நம் வீடுகளில் இந்தப் பாகப்பிரிவினை எப்போதோ நடந்து முடிந்து, பத்திரமும் பதிவாகிவிட்டது. யாராவது இரண்டையும் சேர்த்து "மெக்கானிக்கல் கட்டுமான மேலாண்மை" என்று ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால், "அது என்ன சார், ரெண்டுங்கெட்டான் படிப்பு?" என்று கேட்கிறார்கள். இந்த வருடம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு என்னிடமே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டியதால் இங்கே எழுதி வைக்கிறேன். பேரன் பேத்திகள் கல்லூரி வாசலில் நிற்கும் வயதில்தான் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலர் இருக்கிறீர்கள்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, ப்ரெவே முடித்து, கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே நரைத்து ஓய்வு பெற்றவன். எஸ்டிமேட், டெண்டர், எம்.பி. புத்தகம், ரன்னிங் பில், எக்ஸ்ட்ரா ஐட்டம், ஃபைனல் பில் என்று கட்டடங்களின் ஜாதகம் என் மேஜை வழியாகத்தான் போனது. ஒரு கட்டடம் எங்கே சறுக்கியது என்பது அதைக் கட்டியவருக்குத் தெரிவதற்கு முன்பே பில் போடும் குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் பேசுகிறேன், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். இந்தப் பாடம் நல்ல பாடம், நம் நாட்டுக்குத் தேவையான பாடம். ஆனால் அது பட்டத்தின் உள்ளே இருக்க வேண்டும். பட்டத்தின் பெயராக இருக்கக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் கட்டட வேலையை இரண்டாகப் பிரிப்பார்கள். அஸ்திவாரம், தூண், சுவர், கூரை எல்லாம் 'க்ரோ எவ்ர்', அதாவது பெரிய வேலை. அதற்குப் பிறகு வருவது 'ஸ்கோன் எவ்ர்', இரண்டாம் வேலை. குழாய், காற்றோட்டம், குளிரூட்டல், மின்சாரம், தச்சு, பூச்சு என்று ஒவ்வொன்றும் தனித்தனி 'லோ'; நம் ஊர் டெண்டர் மொழியில் சொன்னால் தனித்தனி பேக்கேஜ். சின்ன வயதில் இந்த வார்த்தைகளைக் கேட்டபோது இரண்டாம் வேலை என்றால் சில்லறை வேலை என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். அந்தக் காலத்து வீட்டுக்கு அது சரிதான். மதராஸ் மாடிக் கூரை, முற்றம், கிணறு, தாழ்வாரம். குழாய் என்று பார்த்தால் மழைநீர் இறங்கும் தகரக் குழாய் ஒன்றுதான். காற்று தானாக வந்தது, தானாகப் போனது.

இன்றைக்கு ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் காற்று வடிகட்டப்பட்டு, குறிப்பிட்ட அழுத்தத்தில், குறிப்பிட்ட வெப்பத்தில் போக வேண்டும். வெளி வராந்தாக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வரக் கூடாது. அதற்காக உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். தொற்று நோயாளியின் அறையில் இதற்கு நேர் எதிர். அங்கே அழுத்தம் குறைவு, அந்தக் காற்று வெளியே கசியக் கூடாது. படுக்கைக்குப் படுக்கை ஆக்சிஜன் குழாய், வேக்குவம் குழாய். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். லிஃப்ட். குடிநீர் ஒரு குழாயில், கழிவுநீர் இன்னொரு குழாயில், ஏ.சி.யின் குளிர்நீர் போக ஒன்று, திரும்ப ஒன்று. இவ்வளவும் ஒரே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, இரண்டு மூன்று அடி இடைவெளிக்குள் போக வேண்டும். இதைத்தான் எம்.இ.பி. என்கிறார்கள். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், பிளம்பிங். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த மூன்று எழுத்து பழக்கமானதுதான்.

பாரிஸில் பொம்பிதூ மையம் என்று ஒரு கட்டடம், 1977-இல் திறந்தார்கள். ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரோஜர்ஸ் இருவரின் வடிவமைப்பு. உள்ளே மறைக்க வேண்டிய குழாய்களை எல்லாம் வெளியே போட்டுவிட்டார்கள். காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மனிதர்கள் ஏறி இறங்கும் லிஃப்ட், எஸ்கலேட்டருக்குச் சிவப்பு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மாதிரி இருக்கிறதே என்று அந்த ஊர்க்காரர்களே திட்டினார்கள். அழகு பற்றி எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாமரனுக்கும் விளங்கும்படி காட்டிய கட்டடம் அது.

ஏ.சி. கணக்கில் வரும் 'டன்' பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஒன்றரை டன் ஏ.சி. என்றால் அதன் எடை ஒன்றரை டன் என்று நம்பும் நண்பர் ஒருவர் இன்னும் கடற்கரையில் என்னோடு நடக்கிறார். இயந்திரம் வருவதற்கு முன் குளிர்ச்சிக்குப் பனிக்கட்டிதான். ஒரு டன் பனிக்கட்டி, அமெரிக்கக் கணக்கில் சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இன்றைய ஏ.சி.யின் மூதாதையை வடிவமைத்தார். மனிதர்களுக்கு வியர்க்கிறதே என்று அல்ல; ஈரக்காற்றில் தாள் சுருங்கி விரிந்து வண்ண அச்சு விலகியதால். அதாவது இந்தத் தொழில் பிறந்ததே கட்டடத்துக்குள் காற்றை நிர்வகிக்கத்தான். மெக்கானிக்கலுக்குக் கட்டடத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பதிலே போதும்.

இனி என் மேஜைக்கு வருகிறேன். எந்த அலுவலகம், எந்தக் கட்டடம் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாடி. சிவில் டெண்டர் முதலில் போய்விட்டது. கூரை போட்டாகிவிட்டது, சுவர் எழும்பிவிட்டது, மேல் அதிகாரிகள் வந்து படம் எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். ஏ.சி.க்கான டெண்டர் பல மாதம் கழித்துத்தான் முடிவானது. அந்தக் கம்பெனியின் ஆள் டக்ட் வரைபடத்தோடு வந்து அண்ணாந்து பார்த்தால், பீமுக்குக் கீழே டக்ட் போக இடம் இல்லை. பீமை உடைக்க முடியாது. டக்டை நெளிக்கலாம், ஆனால் நெளித்தால் காற்று போகாது. கடைசியில் வராந்தாவில் ஃபால்ஸ் சீலிங்கைக் கையைத் தூக்கினால் தொடும் உயரத்துக்கு இறக்கினார்கள். சுவர்களில் துளை போட ஒரு பில். துளை போட்ட இடத்தைப் பூச இன்னொரு பில். மொட்டை மாடியில் குழாய் இறங்க ஓட்டை போட்டதில் தட்டோடு பெயர்ந்து ஒழுகியது. அதற்கு ஒரு பில். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு கிடைக்காமல் வேறு பக்கம் திருப்பியதற்கு ஒரு பில்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு பில்லும் சரி. அளவு சரி, ரேட் சரி, கையெழுத்து சரி. நான் மறுக்க ஒரு காரணமும் இல்லை. ஆடிட்டில் கேள்வி வந்தது. "தள நிலவரம் காரணமாக" என்று பதில் போனது. என் சர்வீஸில் நான் அதிகம் டைப் அடித்த சொற்றொடர் அதுவாகத்தான் இருக்கும். தள நிலவரம் என்று ஒன்றும் இல்லை. தளம் முதல் நாளிலிருந்து அப்படியேதான் இருந்தது. கூரை போடும் முன் சிவில்காரரையும் மெக்கானிக்கல்காரரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, "உன் பீம் எங்கே, என் டக்ட் எங்கே" என்று கேட்க ஆள் இல்லை. அந்த ஆள்தான் நாம் பேசுகிற படிப்பைப் படித்தவர்.

அவர் செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொன்னால் படிப்பின் உள்ளடக்கம் விளங்கும். கான்கிரீட் போடுவதற்கு முன்பே குழாய் போகும் இடங்களில் ஸ்லீவ் வைக்க வரைபடம் கொடுப்பது. சீலிங்குக்கு மேலே யாருக்கு முதலிடம் என்று தீர்ப்பது. சரிவில் ஓட வேண்டிய கழிவுநீர்க் குழாயும் பெரிய டக்டும் முதலில் இடம் பிடிக்க வேண்டும், பம்பில் ஓடும் குழாய் வளைந்துகொள்ளும், மின்கம்பி எங்கும் நுழைந்துகொள்ளும். கல்யாண வீட்டில் பாய் விரித்துப் படுக்க வைப்பது மாதிரிதான். வயதானவர்களுக்குச் சுவரோரம், பிள்ளைகள் எங்கு வேண்டுமானாலும் சுருண்டுகொள்வார்கள். இப்போது இதைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாதிரியாகவே போட்டு, எந்தக் குழாய் எந்த பீமில் இடிக்கிறது என்று சிவப்புப் புள்ளி காட்ட வைக்கிறார்கள், பிம் என்கிறார்கள். திரையில் இடித்தால் ஒரு மவுஸ் கிளிக்கில் சரியாகும். தளத்தில் இடித்தால் என் போன்ற குமாஸ்தாவுக்கு நான்கு பில்.

அப்புறம் ஆர்டர் கொடுக்கும் காலம். பெரிய சில்லர் இயந்திரம் கடையில் வாங்கும் சாமான் இல்லை. ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு அது நுழையக் கதவு போதவில்லை என்றால் சுவரை இடிக்க வேண்டும். எந்த வேலை தாமதமானால் மொத்தக் கட்டடமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் 'கிரிட்டிகல் பாத்' முறையை 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி தன் ஆலைகளுக்காக உருவாக்கியது. அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. இரண்டும் இன்று நம் கல்லூரிகளில் பாடம். படித்த எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை. கடைசியில் சோதனை. குழாயை மூடும் முன் நீர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது, ஒவ்வொரு அறைக்கும் சரியான அளவு காற்று போகிறதா என்று அளந்து சமன் செய்வது. இதைச் செய்யாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதால்தான் சில அலுவலகங்களில் மேனேஜர் அறையில் ஸ்வெட்டரும் குமாஸ்தா ஹாலில் விசிறியுமாக இருக்கிறது.

அமெரிக்காவில் இதைப் பட்டப்படிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் கட்டுமான மேலாண்மைப் பட்டத்துக்குள் மெக்கானிக்கல் கட்டுமானம் ஒரு சிறப்புப் பிரிவு. அந்த நாட்டில் மெக்கானிக்கல் கான்ட்ராக்டர்களுக்கு என்று ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கம் கல்லூரிகளுக்குள்ளேயே மாணவர் கிளைகள் நடத்துகிறது. பிள்ளைகளுக்கு டெண்டர் போடுவது போலவே போட்டியும் வைக்கிறது. முதலாளிகளே வகுப்பு வாசலில் நிற்கிறார்கள். படிப்பு குறுகலாக இருந்தாலும் அந்தக் குறுகிய சந்தின் மறு முனையில் கதவு திறந்திருக்கிறது.

பிரான்ஸ் வேறு வழி. பாக் முடித்த பிறகு இரண்டு வருடம் பி.டி.எஸ். என்று ஒரு டிப்ளோமா. அதில் 'ஃப்ளுயித், எனர்ஜி, தொமொதிக்' என்றே ஒரு பிரிவு. நீர், காற்று, வெப்பம், வீட்டுத் தானியங்கிக் கருவிகள். என் அக்கா மகன் ஒருவன் அங்கே 'கோந்துக்தர் தெ த்ரவோ'வாக, அதாவது தளத்தில் வேலைகளை நடத்தும் பொறுப்பில் இருக்கிறான். அவன் சொல்வது: "மாமா, நான் படிச்சது பாதி கிளாஸ்ல, பாதி பாய்லர் ரூம்ல." படிக்கும்போதே ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டு மாறி மாறிப் படிக்கும் ஏற்பாடு அங்கே சாதாரணம். இன்னொரு விஷயம், ஒரு குமாஸ்தாவாக எனக்குப் பொறாமை தருவது. ஒவ்வொரு தொழிற்படிப்பும் தேசியப் பதிவேடு ஒன்றில் எந்த நிலை, எந்த வேலைக்கு என்று எழுதப்பட்டிருக்கும். டிப்ளோமாவின் பெயர் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பதிவேட்டைப் புரட்டினால் அது என்ன என்று தெரிந்துவிடும்.

பட்டப்படிப்புக்கு நம்மிடம் அந்தக் கதவும் இல்லை, அந்தப் பதிவேடும் இல்லை. நம்மிடம் இருப்பது நோட்டிஃபிகேஷன். "மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் பட்டம் அல்லது அதற்கு இணையானது." இந்த 'இணையானது' என்ற ஒரு வார்த்தையில் எத்தனை பிள்ளைகளின் வயது கரைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சில வருடம் நான் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தேன். ஒரு பையன் நல்ல மார்க் வாங்கியிருந்தான். பட்டச் சான்றிதழில் ஐந்து வார்த்தை நீளத்தில் ஒரு பெயர். பாடத்திட்டத்தைப் பார்த்தால் எண்பது சதவீதம் மெக்கானிக்கல்தான். ஆனால் ரூல் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. கோப்பு மேலே போனது, கீழே வந்தது. பல்கலைக்கழகத்தில் இருந்து இணைத் தகுதிச் சான்று கேட்டார்கள். அவன் அலைந்து அதை வாங்கி வந்தபோது பட்டியல் மூடியாகிவிட்டது. அடுத்த அறிவிப்பு வந்தபோது வயது வரம்பைத் தாண்டியிருந்தான். யார் மேலும் தப்பு சொல்ல முடியாதபடி எல்லாம் விதிப்படியே நடந்தது. அவன் அப்பா ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து, "ஐயா, காலேஜுல பேரு மாத்துனதுக்கு என் புள்ளை என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். அதற்கு ஃபைலில் பதில் இல்லை.

இதைச் சொன்னால் இன்றைய அப்பாக்கள் சிரிக்கிறார்கள். "இப்ப யாரு சார் கவர்ன்மென்ட் வேலையை நம்பிப் படிக்க வைக்கிறாங்க? எல்லாம் பிரைவேட், இல்லேன்னா ஃபாரின்." சரி, ஃபாரினுக்கே போவோம். 2018-இல் குவைத்தில் என்ன நடந்தது? அங்கே இருந்த இன்ஜினியர்கள் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். இந்தியப் பட்டம் என்றால் என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். பத்து பதினைந்து வருடம் இன்ஜினியராக வேலை பார்த்தவர்கள், அந்த அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்த ஒரே காரணத்தால் தவித்தார்கள். கவனியுங்கள், என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பது இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பது. புதிதாகத் தொடங்கிய புதுப் பெயர்ப் பிரிவுக்கு அது உடனே இருக்க வழி இல்லை.

வளைகுடாவில் இந்தத் தொழிலுக்கு வாய்ப்பு உண்டா என்றால், நிறைய உண்டு. நம் ஆட்களுக்கு அதில் பெரிய பங்கும் உண்டு. கீழக்கரைக்காரரான பி.எஸ். அப்துர் ரஹ்மான் துபாயில் உருவாக்கிய ஈ.டி.ஏ. குழுமம் இந்த எம்.இ.பி. வேலையில் பெரிய பெயர் எடுத்தது. 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவில் குளிரூட்டல், குழாய் வேலைகளைச் செய்த கூட்டணியில் அதுவும் இந்தியாவின் வோல்டாஸும் இருந்தன. அங்கே போனவர்களில் எத்தனையோ பேர் ஐ.டி.ஐ.யும் டிப்ளோமாவும் சாதாரண மெக்கானிக்கல் பட்டமும் படித்தவர்கள்தான். தொழிலைத் தளத்தில் கற்றார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் குளிரூட்டல், குழாய், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் வேர் மூன்று பாடங்கள். தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர். மூன்றும் மெக்கானிக்கல் பட்டத்தின் அஸ்திவாரம். 'மேலாண்மை' என்ற சொல் பட்டத்தின் பெயரில் ஏறினால் முதலில் குறைவது இவைதான். அந்த இடத்தில் சந்தைப்படுத்தலும் மனிதவளமும் வந்து உட்காரும். பதினெட்டு வயதில் எதை மேலாண்மை செய்வது? பம்ப் ஏன் காற்றைக் கவ்விக்கொண்டு கத்துகிறது என்று தெரியாதவரால் பம்ப் போடுகிறவரை மேய்க்க முடியாது. முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். சுவரில் காதை வைத்தே குழாய் எங்கே கசிகிறது என்பார். பட்டம் வாங்கி வரும் பிள்ளைக்கு அவர் அளவு காது வேண்டாம், அவர் சொல்வது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்குப் பாடம் தெரிய வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, "பட்டத்தில் ஒன்றுமே வேண்டாம், பிறகு எம்.டெக்.கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கட்டுமான மேலாண்மைக்கு என்றே 1983-இல் தொடங்கிய நிக்மார் போன்ற நிறுவனங்கள் மேற்படிப்பாக இதை வைத்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்கு நான்கு வருடமும் கட்டடம் என்ற வார்த்தையே காதில் விழவில்லை என்றால், கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விடும். அப்புறம் எந்த எம்.டெக்.? நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பின் 2016 பதிப்பைப் பாருங்கள். கட்டடச் சேவைகளுக்கு என்றே எட்டாம் பகுதி, குழாய் வேலைகளுக்கு ஒன்பதாம் பகுதி, தீப் பாதுகாப்புக்கு நான்காம் பகுதி. இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு புத்தகம் இருப்பதையாவது மெக்கானிக்கல் மாணவர்களுக்கு மூன்றாம் வருடத்தில் காட்ட வேண்டாமா?

நடுவில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. பட்டம் மெக்கானிக்கல் என்றே இருக்கட்டும். அதனுடன் கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட் வரை படித்து 'மைனர்' என்று வாங்கிக்கொள்ள ஏ.ஐ.சி.டி.இ. இடம் கொடுத்திருக்கிறது. கட்டுமான மேலாண்மை, எஸ்டிமேட், ஒப்பந்தச் சட்டம், கட்டடச் சேவைகள், பிம் என்று அந்தக் கிரெடிட்டை நிரப்பலாம். சான்றிதழில் முதல் வரி ரூல் புத்தகத்தில் உள்ள பெயராகவே இருக்கும். கேட்கிறவருக்கு இரண்டாவது வரியைக் காட்டிக்கொள்ளலாம். குமாஸ்தா மூளைக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு தோன்றவில்லை. சிவில் பிள்ளைகளும் இதே மாதிரி இந்தப் பக்கத்துப் பாடங்களில் இரண்டு எடுத்தால் பீமுக்கும் டக்டுக்கும் சண்டை குறையும். அரசு வேலைகளிலும் இப்போது நிலைமை மாறுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறை சிவிலையும் மின், இயந்திர வேலைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே டெண்டராகப் போடுகிறது. ஒரே டெண்டர் வந்துவிட்டது; இரண்டையும் தெரிந்த ஆள்தான் இன்னும் போதவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் கேட்ட மூவரில் ஒருவர், மகளுக்காகக் கேட்ட அம்மா. "அவ ஆசைப்படுறா சார். ஆனா சைட்டுல போயி நிக்கணுமாமே, பொம்பளைப் புள்ளை எப்படி?" என்றார். வெயிலுக்கும் தூசுக்கும் ஆண் பெண் தெரியாது அம்மா என்றேன். அந்தக் காலத்தில் சித்தாள் வேலைக்குப் பெண்கள் தளத்தில் நின்றபோது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே. உண்மையான பிரச்சினை ஒன்று உண்டு, அதை யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை: கழிப்பறை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமே ஒவ்வொரு தளத்திலும் கழிப்பறை வைக்கச் சொன்னது. வைத்திருக்கிறார்களா என்று வேலையில் சேரும் முன் கேட்டால் தப்பில்லை. குழாய் போடுகிற கம்பெனி தன் ஆட்களுக்கு ஒரு கழிப்பறைக்குக் குழாய் போட முடியாது என்றால் அங்கே மகளை மட்டுமல்ல, மகனையும் அனுப்ப வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது தாத்தா பாட்டிகள் கூடப் போவது நம் வழக்கம். அங்கே மரமும் கேன்டீனும் பஸ் வசதியும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பட்டச் சான்றிதழில் என்ன வார்த்தைகள் அச்சாகும் என்று கேளுங்கள். விளம்பரத் தாளில் உள்ள பெயர் வேறு, சான்றிதழில் வரும் பெயர் வேறு. முடிந்தால் சென்ற வருடம் வாங்கிய ஒருவரின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். என்.பி.ஏ. அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். மைனர் பாடங்கள் பட்டியலில் இருக்கின்றனவா, உண்மையில் நடத்தப்படுகின்றனவா என்பது முக்கியம். போதிய மாணவர் சேரவில்லை என்று பல இடங்களில் பாடமே தொடங்குவதில்லை. லேபில் ஏ.சி. சோதனைக் கருவி ஓடுகிறதா, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். துணியின் மேல் உள்ள தூசியைப் பார்த்தாலே எத்தனை வருடம் என்று நம் வயதுக்காரர்கள் சொல்லிவிடுவோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை எந்தத் தளத்துக்கு அனுப்புகிறார்கள், சான்றிதழுக்கு மட்டுமா, வேலைக்கா என்றும் விசாரியுங்கள்.

இவற்றுக்கு அட்மிஷன் கவுன்டரில் இருப்பவரிடம் பதில் கிடைக்காது. மெக்கானிக்கல் துறைத் தலைவரின் அறை எங்கே என்று கேட்டுக்கொண்டு நேராக அங்கே போங்கள். பதிலை வாய்வழியாகக் கேட்டுவிட்டு வராமல் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், தேதியோடு.